ஊதுகிற வேலை

"கழட்டுன்னு சொல்றேன்ல. இப்பவே கழட்டு."

"கத்தாதீங்க. நீங்க கத்தினா எனக்குக் கை ஆடுது, கோடு கோணிக்குது."

"கோணட்டும். யாரைக் கேட்டு இதை இங்க மாட்டின?"

"யாரைக் கேக்கணும்? மிஷின் என்னுது, பலகை என்னுது, கை என்னுது."

"வாய்? பத்து வருஷமா ஊதினது யாரு வாய்?"

மூன்றாம் மாடியின் பின்பக்க பால்கனியில் கண்டக்டர் போட்ட சத்தம் தரைத்தளம் வரை தெளிவாகவே கேட்டது. இரண்டாம் மாடி தையல்காரம்மா தன் மிஷினை நிறுத்திவிட்டார். அந்தக் கட்டடத்தில் எங்கே சண்டை மூண்டாலும் முதலில் நிற்பது அவருடைய தையல் மிஷின்தான். ஊசியில் நூல் கோப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்துகொள்வார். அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் குழப்பம். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் வாய் நீளம் என்று கேள்விப்பட்டிருக்கிறார், வாய் யாருடையது என்று பங்கு பிரித்து இப்போதுதான் கேட்கிறார்.

சண்டைக்குக் காரணம் செங்கல் அளவில் இருந்த ஒரு நீலப் பெட்டி. மீன்தொட்டிக்குக் காற்று அடிக்கிற பம்பு. அதிலிருந்து கண்ணாடிபோன்ற மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, துணி மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த ஒரு கொக்கியில் தொங்கி, அறுக்கிற மிஷினின் பிளேடுக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. அது பாட்டுக்கு உஸ்ஸென்று ஊதியது. மரத்தூள் பென்சில் கோட்டைவிட்டு ஒதுங்கி ஓடியது. கண்டக்டர் அதைப் பார்த்த பார்வையில், தன் பாயில் வேறு யாரோ படுத்திருப்பதைக் கண்ட மனிதனின் திகைப்பு இருந்தது.

விஷயம் புரிய வேண்டுமானால் அந்த மிஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வந்த பெட்டியில் ஸ்க்ரோல் சா என்று எழுதியிருந்தது. கட்டடத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, அக்காவோட மிஷின், அவ்வளவுதான். மேசைமேல் வைக்கிற சாதனம். நூல் கனத்தில் ஒரு பிளேடு, தையல் ஊசி மாதிரி மேலும் கீழும் ஓடும். காலுக்குக் கீழே ஒரு கட்டை, மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். கண்டக்டரின் மனைவி அதில் பலகையை வளைத்து வளைத்துத் திருப்பி, குழந்தைகள் பிரித்துச் சேர்க்கிற பொம்மைப் பலகைகள் அறுத்தார். ஒட்டகம் ஏழு துண்டு, முயல் ஐந்து துண்டு. அறுப்பது கஷ்டமில்லை, கோட்டைப் பார்ப்பதுதான் கஷ்டம். பிளேடு ஒருமுறை இறங்கினால் ஒரு சிட்டிகைத் தூள் மேலே வரும். இரண்டு விரற்கடை போவதற்குள் கோடு மொத்தமாக மறைந்துவிடும். மறைந்த கோட்டை நம்பிப் போனால் முயலுக்கு ஒரு காது குறையும். அதனால் யாராவது ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த யாராவதுதான் கண்டக்டர். பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதிய நெஞ்சு. நாலு மணிக்கு வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, மிஷினுக்குப் பக்கத்திலிருக்கும் முக்காலியில் உட்காருவார். குளிர்பானக் குழலை உதட்டில் வைத்து, நுனியைக் கோட்டுக்கு நேரே நீட்டி, ஊதுவார். ஒரு ஊதலுக்கும் அடுத்த ஊதலுக்கும் நடுவே அன்றைய பயணிகள் வருவார்கள். தூங்கி ஐந்து நிறுத்தம் தாண்டிப் போனவன், தன் புருஷனையே அடையாளம் தெரியாமல் இடம் கேட்டவள், குடையைத் தொலைத்துவிட்டுப் பக்கத்து ஆளின் குடையைப் பாசமாகப் பிடித்துக்கொண்டு இறங்கியவர். அவர் மனைவி கையை ஆடவிடாமல் தோளால் மட்டும் சிரிப்பார். நாள் முழுக்க இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது சாவி எங்கே, பால் வந்ததா என்கிற அளவுதான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அப்படியல்ல. ஒட்டகத்தின் திமிலில் ஆரம்பித்த கதை வாலில் முடியும்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஊதும்போது காற்று மட்டும் வருவதில்லை. எச்சில் துளி தெறித்து பென்சில் கோடு ஊறும். அவர் ஊதுகிற வேகத்தில் தூள் எழும்பி மனைவியின் கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். அந்த அம்மாள் படுத்தால் இருமல். இதைப் பத்து வருஷமாக அவரிடம் சொல்லவில்லை. தையல்காரம்மாவிடம் சொல்லியிருந்தார். அங்கே சொன்னால் பத்திரமாக இருக்கும் என்று யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இனி தொட்டிக்காரர். முதல் மாடிக்குக் குடிவந்து பத்து மாதம். நாற்பது வயதிருக்கும், கல்யாணமாகவில்லை, வீட்டில் இருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டை. வீட்டுக்குள் நான்கு மீன்தொட்டிகள், கடைத்தெருவில் தொட்டிகள் விற்கிற சின்னக் கடை. முதலில் எல்லோரும் மீன்காரர் என்றுதான் சொன்னார்கள். "நான் மீன் விக்கிறவன் இல்லீங்க, வளக்கிறவன்," என்று வீடு வீடாகப் போய்த் திருத்தினார். அதற்கப்புறம் தொட்டிக்காரர் ஆனார். தொட்டிக்கு ஒரு மூடி அறுத்துத் தர முடியுமா என்று கேட்க ஒரு பகல் மேலே வந்திருக்கிறார். அந்த நேரத்தில் கண்டக்டர் பஸ்ஸில். மனைவி தனியாக அறுத்துக்கொண்டு, இரண்டு விரற்கடைக்கு ஒருமுறை காலை எடுத்து, குனிந்து ஊதி, இருமி, மறுபடி மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். மறுநாள் பகலில் பம்பு, குழாய், வளைத்த கம்பி எல்லாம் வந்துவிட்டன. மாலையில் கண்டக்டர் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது முக்காலியின்மேல் அந்த நீலப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"இருமல் இல்லாம இருக்கலாமேன்னுதான்," என்றார் மனைவி, சத்தம் ஓய்ந்தபிறகு.

"அப்போ நான் ஊதித்தான் உனக்கு இருமலா?"

மனைவி பலகையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"சரி," என்றார் கண்டக்டர். "இதைவிட நல்லதா நானே செஞ்சு தரேன். பாரு."

எச்சில் விஷயத்தை மறுநாளே கண்டக்டர் காதில் போட்டுவிட்ட தையல்காரம்மா, அதற்குப்பின் இரண்டு வாரம் துணி தைக்கவே இல்லை என்று சொல்வார்கள். பார்ப்பதற்கு அவ்வளவு இருந்தது. முதலில், காற்றுமெத்தையை நிரப்புகிற கால்பம்பு. கண்டக்டர் பால்கனியில் நின்ற இடத்திலேயே மிதி மிதியென்று மிதித்தார். கீழிருந்து பார்த்தால், யாரோ துரத்த, எங்கேயும் போகாமல் ஓடுகிற ஆள் மாதிரி தெரிந்தது. மிதித்தபோது காற்று வந்தது, காலை எடுத்தபோது நின்றது, தூளும் போய்ப் போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் ஆடுசதை பிடித்துக்கொண்டு நொண்டியபடி பஸ்ஸுக்குப் போனார். அடுத்து, தலைமுடி உலர்த்துகிற மிஷின். அது ஊதியதில் தூள் போனது வாஸ்தவம்தான், அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பாலுக்குள் போனது. அன்று வீட்டில் எல்லோரும் பால் இல்லாத காப்பி குடித்தார்கள். எல்லோரும் என்றால் இரண்டு பேர்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். பணிமனையில் பழைய சாமான்கள் போடுகிற அறையிலிருந்து, அந்தக் காலத்து பஸ் ஹாரனின் ரப்பர் குமிழ் ஒன்றைக் கொண்டுவந்தார். கைக்கு அடக்கமாக, கருப்பாக, நல்ல கனத்துடன் இருந்தது. பித்தளை வாயைக் கழற்றிவிட்டு ஒரு குழாயைச் செருகினார். அமுக்கினால் சுளீரென்று காற்று. உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. எச்சில் கிடையாது, கால்வலி கிடையாது, எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் ஊதலாம். முக்காலியில் மறுபடி உட்கார்ந்து, மறுபடி கதையும் ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நாற்பது பலகை கேட்டிருந்தார்கள், மனைவி ஒட்டகத்தின் கழுத்தில் இருந்தார். உள்ளே ஹாரனுக்குச் சத்தம் தருகிற நாக்குத் தகடு பாதி ஒட்டிக்கொண்டிருந்தது கண்டக்டருக்குத் தெரியாது. கதையின் சுவாரசியமான இடத்தில் கொஞ்சம் பலமாக அமுக்கிவிட்டார்.

பாம் என்றது. தெருவில் ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கி நின்றார். ஒட்டகத்தின் தலை தனியாக வந்து கண்டக்டர் மடியில் விழுந்தது.

மனைவி திட்டவில்லை. எழுந்துபோய் அலமாரியின் மேலிருந்து நீலப் பெட்டியை எடுத்துவந்து, குழாயைக் கம்பியில் மாட்டினார். "நாளைக்கு உங்களுக்குக் காலை டூட்டிதானே? போய்ப் படுங்க," என்றார். அப்போது மணி ஐந்தரை.

அதன்பிறகு கண்டக்டருக்கு மாலைகளில் வேலை இல்லை. வேலை இல்லாமல் பெண்டாட்டி பக்கத்தில் உட்காருவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூடத்தில் உட்கார்ந்து, பால்கனியிலிருந்து வருகிற உஸ்ஸைக் கேட்டுக்கொண்டு, கணக்குப் போட ஆரம்பித்தார். தொட்டிக்காரர் தன்னை அண்ணே என்கிறார். சரி. அப்படியானால் தன் மனைவி அண்ணி. கட்டடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை அக்கா என்கிறார்கள், அதுவும் சரி. ஆனால் தொட்டிக்காரர் அக்கா என்றும் சொல்லவில்லை, அண்ணி என்றும் சொல்லவில்லை. பத்து மாதமாக வெறும் "என்னங்க", "பாருங்க", "வாங்க". முறை வைத்துக் கூப்பிடாத ஒருவன் அந்த இடத்தைக் காலியாக எதற்காக வைத்திருக்கிறான்?

மீன் பார்க்கிற சாக்கில் ஒருநாள் முதல் மாடிக்கு இறங்கிப் போனார். தொட்டிக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான்கு தொட்டிகளில் இரண்டுக்கு ஒரே பம்பு. நடுவில் குழாயைக் கிளை பிரித்து, இதில் பாதி அதில் பாதியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. தட்டு அளவுக்கு ஒரு கிழட்டு மீன், பெரிய தொட்டியில் மேல்தண்ணீருக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"இதுக்கு ஏன் காத்து குறைச்சலா வருது?" என்றார் கண்டக்டர்.

"இதோட பம்புதான் மேல ஓடுது, அண்ணே."

கண்டக்டர் அதற்கப்புறம் என்ன பேசினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. மாடியேறும்போது ஒவ்வொரு படியிலும் அதே நினைப்பு. தன் மீனின் மூச்சை எடுத்துக் கொடுத்திருக்கிறான். இவர் கொடுத்ததெல்லாம் சொந்த மூச்சு, அதில் எச்சில் இருந்தது.

அடுத்த வாரம் வாராந்தர விடுமுறை. மனைவி பலகை வாங்கப் போயிருந்தார். கண்டக்டர் பால்கனியில் பம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதன்மேல் பஞ்சு. பஞ்சை எடுத்துவிட்டு விரலை வைத்தார். விரலை இழுத்தது. ஓகோ, இதற்கும் இரண்டு வாய், ஒன்றில் இழுத்து ஒன்றில் விடுகிறது. ஊதுகிற வாயிலிருந்து குழாயை உருவி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, இழுக்கிற வாயில் இறுக்கமாக மாட்டிவிட்டார். ஊதாத பம்பை யார் வைத்துக்கொள்வார்கள்? இன்று மாலை அது கெட்டுப்போயிருக்கும். நாளை முக்காலி தன்னுடையது. கையைத் துடைத்துக்கொண்டு, செய்தித்தாளை விரித்து, ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தார்.

மாலையில் மிஷின் ஓடியது. கண்டக்டர் செய்தித்தாளுக்குப் பின்னால் காதைத் தீட்டி வைத்திருந்தார். மனைவி கூப்பிடவில்லை. கால் மணி நேரம் கழித்து அவரே எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். தூள் வரிசையாக, எறும்புபோல நகர்ந்து, குழாயின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கோடு சுத்தமாக, கருப்பாக, இப்போதுதான் வரைந்ததுபோல் இருந்தது. காற்றில் தூளே இல்லை. மனைவி முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார், கண் எடுக்காமல். "ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சுது. நான் இல்லாத நேரம் தொட்டிக்காரர் வந்து மாத்திட்டுப் போயிருக்கார்போல. மூளைங்க அந்த மனுஷனுக்கு."

கண்டக்டர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். என்ன சொல்வது? அது நான்தான், உன் வேலையைக் கெடுக்கச் செய்தேன், தவறிப்போய் நன்றாக வந்துவிட்டது என்றா?

அன்றைக்கு மனைவி பால்கனிக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்து நன்றி சொன்னார். கீழே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தொட்டிக்காரர் நிமிர்ந்து, ஒரு கணம் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு சிரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றார். கண்டக்டர் கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சிரிப்பை முழுதாகப் பார்த்தார். இத்தனை நாள் இன்னொருவன் செய்ததைப் பார்த்து வயிறெரிந்தார். இப்போது தான் செய்ததைப் பார்த்தே வயிறெரிய வேண்டியிருந்தது. இருமல் நின்றுபோனது. மனைவி நிம்மதியாகத் தூங்கினார். அந்த நிம்மதியைக் கொடுத்த ஆள் பக்கத்திலேயே, முழித்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒன்பது நாள். பத்தாவது நாள் பம்பு கரகரவென்று இழுத்து நின்றுபோனது. காற்றுக்குச் செய்த வயிறு மரத்தூளைத் தின்றால் எத்தனை நாள் தாங்கும்? பள்ளிக்கூடத்துக்கு இன்னும் பதினாலு பலகை பாக்கி, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கண்டக்டர் பின்னாலேயே போனார். தையல்காரம்மா வாசற்கதவில் தூசி தட்டிக்கொண்டிருந்தார், அந்தக் கதவில் தூசி இருந்து வருஷக்கணக்காகிறது.

தொட்டிக்காரர் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே காற்றை இழுத்துத் தள்ளுகிற ரப்பர் நாக்குகள் தெரியாத அளவுக்குத் தூள் அப்பியிருந்தது. சைக்கிள் டியூப் துண்டைத் தொட்டுப் பார்த்தார். தலையைத் தூக்காமல் கண்டக்டரின் கால்களைப் பார்த்தார்.

"மாத்தறப்ப யோசிக்க வேண்டாமா?" என்றார் மனைவி. அவர் குரல் உயர்ந்து கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. "ஊதிட்டே இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? எதுக்கு நானில்லாத நேரத்துல வந்து கை வெச்சீங்க? வெள்ளிக்கிழமைக்கு நான் யார் முகத்துல முழிக்கிறது?"

தொட்டிக்காரர் திருகாணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"தப்புதாங்க," என்றார்.

கண்டக்டருக்கு நெஞ்சுக்குள் விசில் இருந்தது, ஒரே ஊதலில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தும் விசில். வெளியே வரவில்லை. இரண்டு படி மேலே நின்றபடி அவர் மனதில் ஓடியது இதுதான்: பாராட்டை வாங்கிக்கொண்டானே, இதையும் வாங்கிக்கொள்ளட்டும். அதைத் தொடர்ந்து, முக்காலி.

முக்காலி கிடைத்தது. பதினாலு பலகைக்கும் அவர்தான் ஊதினார். எச்சில் படாமல், மெதுவாக, தலையைத் திருப்பித் திருப்பி ஊதினார். கதைகளும் சொன்னார். மனைவி துணியை மூக்குக்குமேல் ஏற்றிக் கட்டியிருந்ததால் சிரித்தாரா என்று தெரியவில்லை. தோள் அசையவில்லை. வெள்ளிக்கிழமை பலகைகள் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை மனைவி தொட்டிக்காரரிடமிருந்து அந்தச் செத்த பம்பைத் திரும்ப வாங்கிவந்தார். நாக்குகளைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தார். ஜாம் பாட்டில் மூடியில் இரண்டு ஓட்டை போட்டார். ஒன்றில் பிளேடுப் பக்கமிருந்து வரும் குழாய், இன்னொன்றில் பம்புக்குப் போகும் குழாய். பம்புக்குப் போகிற வாயில் கண்டக்டரின் யூனிபார்ம் சாக்ஸ் ஒன்றை வெட்டிக் கட்டினார். தூள் பாட்டிலின் அடியில் தங்கியது, காற்று மட்டும் பம்புக்குப் போனது. ஒருவரையும் கேட்கவில்லை. ஒருவரும் உதவவில்லை. கண்டக்டரிடம் ஒற்றைச் சாக்ஸ் மிஞ்சியது.

தொட்டிக்காரருக்குப் புது பம்பு ஒன்றை வாங்கிக் கொடுத்தனுப்பியதும் மனைவிதான். கண்டக்டர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார், கதவருகிலேயே.

இரண்டு மாதம் கழித்துத் தொட்டிக்காரர் வீட்டைக் காலி செய்தார். வேறு ஊரில் பெரிய கடை பார்த்திருக்கிறாராம். சின்னத் தொட்டிகள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. பெரிய தொட்டிக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது, வாசலில் இருந்தது கண்டக்டர் ஒருவர்தான். கிழட்டு மீனோடு, கால்பாகம் தண்ணீரோடு, ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் படியிறங்கினார்கள். கண்டக்டர் பின்னோக்கி இறங்கினார், கால் வைக்கிற இடம் தெரியவில்லை. தண்ணீர் இவர் பக்கம் சாய்ந்தது, அவர் பக்கம் சாய்ந்தது.

"அண்ணே," என்றார் தொட்டிக்காரர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "அன்னிக்கு நான் மாத்தலைன்னு சொல்லியிருக்கலாம். மேலேருந்து அப்படி நன்றி சொன்னாங்களா, கேக்க நல்லா இருந்துச்சு. எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்ல. அதான் பேசாம வாங்கிக்கிட்டேன்."

இந்த நிலைமையில் ஒருவர் கையை விட்டால் மீன் தரைக்குப் போய்விடும். கண்டக்டர் பிடியை இறுக்கிக்கொண்டு, "படி பாத்து," என்றார்.

லாரி ஏறும்போதுதான் தொட்டிக்காரர் அதைச் சொன்னார். அடுத்த மாதம் கல்யாணம். அந்த ஊரில் பல்மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்க்கிற பெண். எல்லாம் வீட்டில் பார்த்து முடித்தது.

கண்டக்டர் சட்டை நனைந்தபடி மேலே வந்தார். பால்கனியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு புறாவின் இறகில் இருந்தார். முக்காலி இருந்த இடத்திலேயே இருந்தது, அதன்மேல் ஒன்றும் இல்லை.

"நின்னா வெளிச்சம் மறையுது," என்றார் மனைவி.

கண்டக்டர் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்தார். உதடு பழக்கத்தில் தானாகக் குவிந்தது, ஊத ஒன்றும் இல்லை. தூள் வர வர, குழாய் வாங்கிக்கொண்டது.

"தொட்டிக்காரர் போயாச்சு," என்றார்.

"ம்."

"அடுத்த மாசம் கல்யாணமாம்."

கட்டையிலிருந்து மனைவியின் கால் எழுந்தது. பிளேடு பாதி வழியில் நின்றது. மனைவி திரும்பவில்லை. பலகையைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே இருந்தன. பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டின்மேல் கடைசியாக ஒட்டியிருந்த ஒன்றிரண்டு துகளையும் இழுத்துக்கொண்டு, அப்புறம் வெறும் காற்றை இழுத்தது.

"பொண்ணு யாராம்?"

கண்டக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, கட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்ற காலைப் பார்த்தபடி, அது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.